சாகிறவனின் மூன்று சொற்கள்

என் வீட்டுக்காரருக்குச் சாவதுதான் பிழைப்பு. டப்பிங் அறையில் மைக் முன்னால் நின்று, படத்தில் அடிபடுகிற, சுடப்படுகிற ஆட்களுக்கெல்லாம் குரல் கொடுப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் ஆயிரம் தடவையாவது செத்திருப்பார். வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் மட்டும் என்னைக் கூப்பிடுவார்.

சமீபத்தில் இவர் குரல் கொடுத்த ஒரு படத்தில் ஒரு போலீஸ் அதிகாரி. கொலைகாரன் என்று ஒருவனைப் பிடித்து, மழையில் மண்டியிட வைத்துச் சுடுகிறார். சுடும்போது இவர் அலற வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் வாயசைவைப் படிப்பது இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மழைக்குள் மண்டியிட்டவனின் உதடுகள் மெல்ல அசைவதைப் பார்த்ததும், தூக்கத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்ததாம். 'நான் செய்யல சார்.' படப்பிடிப்பில் அந்த நடிகர் அப்படித்தான் பேசியிருக்கிறார். அதைச் சேர்க்கலாமே என்று இவர் கேட்டதற்கு, சேர்த்தால் ஜனம் கைதட்டாது, அலறினால் போதும், இஷ்டமில்லையென்றால் வேறு ஆள் இருக்கிறது என்று இயக்குநர் முடித்துவிட்டார். இவரும் அலறிவிட்டு வந்தார்.

மூன்று நாளாக இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கோ எரிச்சல். கெட்டவன் செத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டே விட்டேன்.

"கெட்டவன்னு யாரு சொன்னா? கோர்ட்டு சொல்லல, சாட்சி சொல்லல. அவன் வரும்போதெல்லாம் இசைதான் அப்படிச் சொல்லுது. அவனுக்குன்னு இருந்தது ஒரு வரி. அதையும் நான்தான் அமுக்கிட்டேன்."



படம் வந்ததும் மதியக் காட்சிக்குப் போனோம். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே குளிரும் இருட்டும். பாதித் தூக்கத்தில் இருப்பது போல எல்லார் முகத்திலும் நீல வெளிச்சம் ஊறிக்கொண்டிருந்தது. அவன் மண்டியிட்டான். விசில் கிளம்பியது. தட்டுவதற்கு என் கையும் உயர்ந்தது, மறைப்பானேன். அப்போது இவர் எழுந்து நின்றார். திரையில் உதடு அசைய அசைய, இம்மி பிசகாமல், வாய்விட்டுச் சொன்னார்.

"நான் செய்யல சார்."

யார் அடிக்க வருவார்களோ என்று இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை.

"அப்போ செஞ்சது யாருங்க?"

இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். இரண்டரை மணி நேரப் படத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.