மீனுக்கும் சேர்த்து மாலை போட்டேன்

என் மனைவி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சமையல் செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் சோற்றுக் குண்டானைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போது இடுப்பில் கடக்கென்று ஏதோ விலகியது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு டிஸ்க் என்றார்கள். ஒன்றரை மாதம் படுத்திருக்க வேண்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நடக்க வேண்டும், படுத்தே கிடந்தால் சரியாகாது என்று டாக்டர் சொன்னார். இதில் முதல் பாதி மட்டும்தான் என் காதில் ஏறியது.

நான் பயப்படுகிறவன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் சேர்ந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மூன்று தரம் திரும்பிப் பார்க்காமல் ஒயரைத் தொட்டதில்லை. அப்படிப்பட்டவன் வீட்டில் இடுப்பு போனவள் ஒருத்தி படுத்திருந்தால் என்ன ஆகும்? அவள் காலைக் கீழே வைத்தாலே, "எழுந்திருக்காத, விழுந்துடுவ" என்பேன். அவளுக்கும் பயம் ஒட்டிக்கொண்டது. ஒன்றரை மாதம் என்றது மூன்று மாதமானது. ஒருமணி நேரத்துக்கு ஒருதரம் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போய்வருவாள், அவ்வளவுதான் நடை.

அந்தச் சமயத்தில்தான் வேங்கிக்காலில் ஒரு பேங்க் அதிகாரி வீட்டில் மீன்தொட்டி பம்ப்பைச் சரிசெய்யப் போனேன். கடல்தண்ணீர்த் தொட்டி, இரண்டரை அடி நீளம். அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. "எடுத்துட்டுப் போயிடுங்க, இத தூக்கினு நான் எங்க போறது" என்று ரெண்டு ஆரஞ்சு வரி மீனோடும், கல்லோடும், கல்லில் முளைத்திருந்த மெத்தென்ற பவளங்களோடும் கொடுத்துவிட்டார். கல்மாதிரி இருக்கிற பவளத்தை வீட்டில் வைத்திருப்பது குற்றம் என்று யாரோ சொல்லி, ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. இது அது இல்லை, மெத்துப் பவளம், வெளிநாட்டிலிருந்து வாங்கியது என்று அந்த அதிகாரி பில்லைத் தேடிக் கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. பில்லைத் தொட்டியின் முதுகிலேயே ஒட்டி வைத்தேன்.

தொட்டியை அவள் கட்டிலுக்கு நேர் எதிரே வைத்தோம். படுத்தபடி பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்றுதான்.

முதலில் அது பார்க்கிற மாதிரியே இல்லை. கல்லெல்லாம் பாசி மூடி, பவளம் அதற்குள் மூச்சுத்திணறிக் கிடந்தது. கழுவினால் நாலு நாளில் திரும்பப் பிடிக்கும். போனில் வீடியோ பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பாசிக்குத் தனியாக ஓர் இடம் கொடுத்துவிட்டால் அது கல்லை விட்டுவிடுமாம். பிவிசி குழாயில் நீளமாகக் கீறல் போட்டு, அதில் ஒரு பிளாஸ்டிக் வலையைச் செருகித் தொங்கவிட்டேன். பம்ப் மேலே ஏற்றும் தண்ணீர் அந்த வலைமேல் தகடுமாதிரி வழிந்து திரும்பத் தொட்டிக்குப் போகும். வலைக்கு ரெண்டு பக்கமும் சிவப்பு விளக்கு. மீன் தின்கிறது, கழிகிறது. அந்த அழுக்கைத் தின்று வலையில் பாசி வளர்கிறது. வாரம் ஒருமுறை பாசியைச் சுரண்டி எறிந்தால் அழுக்கும் அதோடு வெளியே போகிறது. மோட்டார் வேலை தெரிந்தவனுக்கு இது பெரிய காரியமில்லை.

பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஊர்ல எல்லாரும் பாசியத் தேச்சிக் கழுவறாங்க. உன் வூட்டுக்காரரு லைட்டு போட்டு வளக்கறாரே!"

"வளக்கட்டும் விடுங்கக்கா. எனக்கு ஒருத்திக்குத்தான் இந்த வூட்ல வேலயில்ல" என்றாள் இவள்.

ஆனால் அந்த வலை வேலை செய்தது. ஒன்றரை மாதத்தில் கல் வெளுத்துச் சுத்தமானது. பவளங்களில் ஒன்று, பேர் என்னவோ சொன்னார்கள், என் வாயில் நுழையவில்லை, அது கிளைகிளையாகக் கிளம்பியது. ஒவ்வொரு கிளை நுனியிலும் குட்டிக் குட்டிக் கைகள். நாளெல்லாம் விரிந்து மூடி, விரிந்து மூடி. இவள் அதற்குக் கையாட்டி என்று பேர் வைத்தாள். தினமும் காலையில் நான் டீ போட்டுக் கொண்டுபோனால் அவளிடமிருந்து ஒரு தகவல் வரும்: "இன்னிக்கி புதுசா ரெண்டு தண்டு வந்திருக்குது." நான் போய்ப் பார்த்தால் இருக்கும்.

ஐப்பசியில் ஒருநாள் அவளாகவே சொன்னாள். கையாட்டி இருந்த கல்லுக்கும் பக்கத்துக் கல்லுக்கும் நடுவில் ரெண்டு விரற்கடை இடைவெளி. "அது அந்தக் கல்லைப் போய்த் தொட்டுதுனா, நானும் எழுந்து மலை சுத்திட்டு வரேன்."

"கிரிவலம்னா பதினாலு கிலோமீட்டருமா."

"தெரியும். நான் எத்தினி தரம் சுத்தியிருக்கேன், எனக்கே சொல்றீங்களா?"

அன்றிலிருந்து எனக்கு அந்த ரெண்டு விரற்கடைதான் கவலை. அவள் அதைச் சும்மா சொல்லவில்லை என்பது அவள் பார்க்கிற பார்வையிலேயே தெரிந்தது. தொடவில்லை என்றால் எழுந்திருக்கமாட்டாள்.

கார்த்திகை முதல் தேதி, அவள் இடுப்புக்காக நேர்ந்துகொண்டு சபரிமலைக்கு மாலை போட்டேன். முதல் மாலை. எதில் தப்பு வந்துவிடுமோ என்று எல்லாவற்றுக்கும் பயம். வீட்டில் கவுச்சி இருக்கக்கூடாது. ஃப்ரீசரில் மீன்களுக்கு வைத்திருந்த குட்டி இறாலை எடுத்துப்போய்க் கடைக்குப் பக்கத்துப் பிரியாணிக்கடை ஃப்ரிட்ஜில் வைத்தேன். உருண்டைத் தீனி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். சுத்தக் கருவாட்டு வாசனை. அதுவும் அங்கேயே போனது. மீன் ரெண்டுக்கும் கீரையை வேகவைத்துக் கையால் மசித்து, ரெண்டு நாளைக்கு ஒருதரம் ஒரு சிட்டிகை போட்டேன். வாயில் வாங்கி, யோசித்து, துப்பின. நாற்பத்தெட்டு நாள்தானே, எனக்கும்தான் கஷ்டமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை போட்டவனைப் பேர் சொல்லியோ உறவு சொல்லியோ யாரும் கூப்பிடமாட்டார்கள். கட்டினவளும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். இருபது நாள் ஆகியிருக்கும். காலையில் பூஜை முடித்துத் திரும்பினேன்.

"சாமி."

"சொல்லுமா."

"கையாட்டி கையாட்டல சாமி."

குனிந்து பார்த்தேன். குட்டிக் கைகள் எல்லாம் சுருங்கி, பாதி மூடி நின்றிருந்தன. நிறம் சாம்பலாகிவிட்டது. பக்கத்துக் கல்லை நோக்கிப் போன தண்டு அடியில் மெலிந்து சாய்ந்திருந்தது. அழுக்குதான் காரணம் என்று முடிவு பண்ணினேன். பாசி விளக்கை நாள் முழுக்க எரியவிட்டேன். தண்ணீரில் கால்வாசியை மாற்றினேன். தண்ணீரைச் சோதிக்கிற மருந்தைச் சொட்டுவிட்டால் அழுக்கு இருந்தால் நிறம் வரும். எங்கள் தண்ணீரில் நிறமே வரவில்லை. சைபர். பள்ளிக்கூடத்தில் நான் நிறைய சைபர் வாங்கியிருக்கிறேன். சைபர் வாங்கி சந்தோஷப்பட்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அது தீபத் திருவிழா சமயம் வேறு. லாட்ஜ் எல்லாம் நிரம்பி வழிகிறது, ராப்பகலாக ஓடி போர் மோட்டார்கள் புகைகின்றன, எனக்குக் கடையை விட்டு நகர முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் இவள் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்திருப்பாள். தொட்டியைப் பார்ப்பதில்லை. தண்டு எத்தனை என்று சொல்வதும் நின்றுபோனது. ஒருநாள் பாத்ரூம் போகவே பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டாள். அதுவரை தனியாகப் போய்க்கொண்டிருந்தவள்.

அதற்குமேல் தாங்காமல் சென்னையில் கடல்மீன் விற்கிற கடைக்காரருக்குப் போன் போட்டேன். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தண்ணி எப்டிண்ணே இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்குங்க. டெஸ்ட்ல சைபர்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"சைபர்னா அதுக்குத் திங்க ஒண்ணுமே இல்லண்ணே. வலையில பாசி இன்னா கலரு?"

"மஞ்சளா, மெலிசா கீது."

"பாருங்க, பாசியே காஞ்சி போயிருக்கு. பாசியும் பவளமும் ஒரே தட்டுலதாண்ணே சாப்புடுது. தட்டுல ஜாஸ்தி இருந்தா பாசி கல்லு மேல ஏறும். ஒண்ணுமே இல்லனா பாசி இருக்கற கொஞ்சத்தையும் வாரிக்கும், பவளம் பட்டினி. கொஞ்சம் அழுக்கு இருக்கணும்ணே. மீனுக்கு எவ்ளோ போடறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"சாமி மாலை போட்டிருக்காரு தம்பி! மீனுக்கும் சேத்துப் போட்டுட்டாரு! கீரை குடுக்கறாரு!"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அண்ணே, இருமுடி கட்டிடலியே அதுக்கு?"

இவளும் சிரித்தாள். சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு "யம்மா" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவள் சிரிப்பைக் கேட்டுப் பத்துப் பதினைந்து நாள் ஆனது நினைவுக்கு வந்து ஆறுதலாகவும் இருந்தது. விளக்கைப் பாதி நேரமாகக் குறையுங்கள், வலையில் பாதியைக் கழற்றுங்கள், மீனுக்கு ரெண்டு வேளை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள் என்று கடைக்காரர் சொல்லி வைத்தார்.

விளக்கும் வலையும் சரி. கவுச்சிக்கு என்ன செய்வது? எங்கள் குழுவின் குருசாமியிடம் ஓடினேன். பதினெட்டு வருஷத்துக்கு மேல் மலைக்குப் போனவர். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"சாமி, மீனே கவுச்சிதான?" என்றார். "அது உன் வூட்டுக்குள்ள நீந்தினு கீது. அத இன்னா பண்ணப்போற?"

நான் அதை யோசிக்கவே இல்லை.

"அது திங்கறத அது திங்கட்டும். விரதம் உனக்கு. நீ தொடாத, அவ்ளோதான். வூட்ல வேற கை இல்லியா?"

வேற கை என்றால் ஒரே ஒரு கைதான். கட்டிலிலிருந்து தொட்டி நாலு எட்டு. உருண்டைத் தீனி டப்பாவைப் பிரியாணிக்கடைப் பையன் வீடுவரை கொண்டுவந்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனான். அவள் காலைக் கீழே வைத்தாள். மாலை போட்டிருக்கிறேன், அவளைத் தொட்டுத் தாங்கவும் கூடாது. கபடியில் நிற்கிறவன் மாதிரி ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"தள்ளி நில்லுங்க சாமி. நீங்க வுடற மூச்சுலயே விழுந்துடுவேன் போல."

ஜன்னலைப் பிடித்து, தொட்டி விளிம்பைப் பிடித்து, நின்றாள். நாலு உருண்டையை விட்டாள். மீன்கள் தண்ணீர் தெறிக்க வந்தன. அவள் அங்கேயே நின்றபடி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உட்கார்ந்துவிடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அதுதான் அந்த விரதத்தில் எனக்கு ரொம்பக் கஷ்டமான காரியம்.

காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். பிறகு தண்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க நடுவில் ரெண்டுதரம் எழுந்து வந்தாள். வலையில் பாசி மறுபடி பச்சையானது. டெஸ்ட்டில் லேசாக நிறம் வந்தது. எனக்குப் பகீரென்றது, அவள்தான் "இருக்கட்டும்" என்றாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஓரத்தில் ரெண்டு குட்டிக் கைகள் மட்டும் மெதுவாக விரிந்து மூடின.

ஆனால் பக்கத்துக் கல்லை நோக்கிப் போன தண்டு பிழைக்கவில்லை. கரைந்து போய்விட்டது. புதுத் தண்டுகள் வேறு பக்கமாக, கண்ணாடியைப் பார்த்துக் கிளம்பின. ரெண்டு விரற்கடையாக இருந்த இடைவெளி இப்போது நாலு. சபரிமலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று நான் முதலில் பார்த்தது அதைத்தான். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. என் கையால்தானே அது போனது.

தை மாதம், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவள் தலைசீவி, புடவை மாற்றி, வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆட்டோ கூப்புடுங்க. அடி அண்ணாமலைல எறங்கி அங்கேருந்து முடிஞ்ச வரைக்கும் நடக்கறேன். மிச்சத்த இன்னொரு நாள் நடந்துக்கறேன்."

"அது இன்னும் தொடலியேமா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவள் உள்ளே தொட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "அது எத்தினி நாளு பட்டினி கெடந்துச்சு? அத்தினி நாளும் தின்னிருந்தா எப்பவோ தொட்டிருக்கும். தொட்டதாதான் அர்த்தம்."

மடக்கு ஸ்டூல் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஆட்டோவை விட்டு இறங்கியதும் அவள் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தாள். மெதுவாகத்தான். ஐம்பது அடிக்கு ஒருதரம் நான் ஸ்டூலை விரித்துப் போட்டு, "குந்துமா" என்றேன். குந்தவில்லை. இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். திரும்பக் கேட்டேன். ஐந்தாவது தடவை கேட்டபோது நின்றாள்.

"நீங்க கேக்கறதுதாங்க வலிக்குது" என்றாள். என் கையிலிருந்த ஸ்டூலை வாங்கித் தானே மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் போனாள்.