பஸ் லிஸ்டில் இல்லாத பெயர்

பி.காம் கடைசி வருடத்தில், ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் ஃபைனான்ஸ் டிபார்ட்மென்டில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்தது. அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். அதே கம்பெனிக்குத்தான் அப்பா பஸ் ஓட்டினார். கம்பெனி ஆள் இல்லை, பஸ் கான்ட்ராக்டரின் டிரைவர். தாம்பரத்தில் கிளம்பி எங்கள் சேரப்பணஞ்சேரி வழியாகத்தான் தினமும் போவார். இனி அப்பா பஸ்ஸிலேயே நானும் போய்விடலாம் என்று நானும் அம்மாவும் அவரிடம் கேட்காமலே நினைத்துக்கொண்டோம்.

முதல் நாளே அந்த நினைப்பில் மண் விழுந்தது. கம்பெனி பஸ்ஸில் ஏற டிரான்ஸ்போர்ட் லிஸ்டில் பெயர் இருக்க வேண்டும். கேட்டில் செக்யூரிட்டி அந்த லிஸ்டை வைத்துக்கொண்டு தலையை எண்ணுவார். கான்ட்ராக்ட் தொழிலாளிகளின் பெயர்கூட அதில் உண்டு, இன்டர்ன் பெயர் கிடையாது. இதெல்லாம் தெரியாமல் நான் ரோட்டோரம் நின்று கை காட்டினேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். பாதி சீட்டு காலியாக இருந்த பஸ் என்னைத் தாண்டிப் போய்விட்டது.

லிஸ்டில் இல்லாத ஆளை ஏற்றினால் வேலை போய்விடும் என்று சாயங்காலம் சொன்னார். நியாயம்தான். நியாயம் என்று தெரிந்துவிட்டால் கோபம் போய்விடுமா என்ன? மறுநாளிலிருந்து அவர் பஸ் வரும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். பிறகு ஏதோ ஒரு ஷேர் ஆட்டோவில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, மடியில் பையோடும் மூக்கில் டீசல் புகையோடும் போய்ச் சேர்வேன். இதே கம்பெனியில் நிரந்தர வேலை வாங்கி, அந்த லிஸ்டில் பெயரை ஏற்றி, அவர் பஸ்ஸிலேயே ஏறிக் காட்ட வேண்டும் என்று மனதுக்குள் சபதம் போட்டேன்.

சபதத்துக்கு ஏற்ற வேலையா கொடுத்தார்கள்? பட்ஜெட், காஸ்டிங் என்று கனவு கண்டு போனவளிடம் பஞ்சிங் மெஷினைக் கொடுத்தார்கள். இரண்டு மாதமும் பில்லில் ஓட்டை போட்டு ஃபைலில் கோத்தேன். கம்ப்யூட்டரைத் தொட லாகின் கிடையாது. அலுப்பு தாங்காமல் ஒரு நாள், மாதவாரியாக இருந்த டிரான்ஸ்போர்ட் ஃபைல்களை எல்லாம் பிரித்து ரூட்வாரியாக அடுக்கி, ஸ்டோர் ரூமின் கடைசி அலமாரிக்கு மாற்றிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசி நாளில் மேனேஜரிடம் வேலை கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் தந்த சர்ட்டிஃபிகேட்டில் நான் ஹெச்.ஆரில் வேலை பார்த்ததாக இருந்தது. மாற்றித் தரச் சொல்லி மூன்று மெயில் போட்டேன், கிணற்றில் போட்ட கல்தான்.

அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நாலு மாதம் இன்டர்வியூவுக்கு அலைந்தேன். ஹெச்.ஆர் பார்த்தவள் ஃபைனான்ஸுக்கு ஏன் வந்தாய் என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், ஃபைனான்ஸில் என்ன செய்தாய் என்பது அடுத்த கேள்வி. ஓட்டை போட்டேன் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எரிந்து விழுவேன். அப்பாவிடம் பேச்சே குறைந்துவிட்டது.

ஐந்தாவது மாதம் அந்த மேனேஜரே போன் செய்தார். ஆடிட்டர் வந்து உட்கார்ந்திருக்கிறார், டிரான்ஸ்போர்ட் பில் ஒன்றைக்கூடக் காணவில்லை என்றார். போய்ப் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். விடிய விடியப் படித்துவிட்டுப் போனேன். மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி.

"ஃபைலெல்லாம் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன். வேலை கிடைத்துவிட்டது. மூன்று வருடப் படிப்புக்கு இல்லாத மதிப்பு, நான் செய்த குளறுபடிக்கு இருந்தது. சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

லிஸ்டில் பெயர் ஏறியது. திங்கட்கிழமை காலை நான் கை காட்டும் முன்பே பஸ் நின்று கதவு திறந்தது. நான் ஜெயித்த முகத்தோடு போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

முதல் வேலையாக ஒரு கட்டுப் பழைய பஸ் பில்களை மேஜையில் வைத்தார்கள். 'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்தே இல்லை என்று ஆடிட்டர் எழுதிவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு பில்லோடும் பஸ் எங்கெங்கே நின்றது என்ற ஜி.பி.எஸ் தாள் இருந்தது. நான் இன்டர்னாக இருந்த இரண்டு மாதமும், எங்கள் ரூட் பஸ் சேரப்பணஞ்சேரியைத் தாண்டிய வளைவில் தினமும் நின்றிருந்தது. நாலு நிமிடம், ஆறு நிமிடம். மழையில் ஆட்டோ கிடைக்காமல் நான் தவித்த நாளில் பதினோரு நிமிடம். காய்ச்சலில் நான் லீவு போட்ட இரண்டு நாளும் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் டிரான்ஸ்போர்ட் ஆட்கள் அப்போதே சிவப்பு மையில், அனுமதியில்லாத நிறுத்தம், பிடித்தம் செய்க என்று எழுதியிருந்தார்கள். கான்ட்ராக்டர் அதற்கு டிரைவர் சம்பளத்தில்தான் கை வைப்பார். அந்த மாதங்களில் சம்பளம் ஏன் குறைந்தது என்று அம்மா கேட்டதற்கு, வண்டி கண்ணாடி உடைந்துவிட்டது என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது.

எனக்கு முதலில் வந்தது கண்ணீர் இல்லை, ஆத்திரம்தான். வீட்டுக்குப் போனதும் கேட்டேன். கண்ணாடியில் உன் ஆட்டோ பின்னால் வருவதைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பேன் என்றார், சாதத்தைப் பிசைந்துகொண்டே.

"அவ்ளோ நேரம் நின்னுகினு இருந்தியே, என்ன ஏத்திக்கினு போயிருக்கக் கூடாதாப்பா?"

"லிஸ்ட்ல உன் பேரு இல்லியேம்மா."

மறுநாள் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூடத் தப்பில்லை. சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.