சலேத் மேரி வீட்டு கேட்

சலேத் மேரியின் புருஷன் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். எங்கள் தெருவில் ஒரு பெண் புருஷனைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றால் இந்த இரண்டில் ஒன்று வேண்டும். இரண்டும் இல்லாததால் சலேத் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லை.

அவர் பெயர் சந்தியாகு. எங்கள் மாதா கோயில் பங்குப் பேரவையின் செயலாளர். ஞாயிறு பூசையில் முதல் வாசகம் அவர்தான் வாசிப்பார். காலையில் வயலுக்குக் கிளம்பும்போது வாசல் கேட்டை வெளியே பூட்டிச் சாவியை மடியில் சொருகிக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டால் திருட்டு பயம் என்பார். அந்த வீட்டில் திருடன் எடுப்பதற்கு இரண்டு மூட்டை விதைநெல்லும் ஒரு பழைய டிவியும் உண்டு, அவ்வளவுதான். நான் அடுத்த வீட்டுக்காரி. அந்தப் பூட்டு விழும் சத்தத்தில்தான் தினமும் என் காபி கசந்துபோகும்.

மகள் வானதி ரெஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்ட பிறகு வந்த பூட்டு அது. மாப்பிள்ளை செழியன் இந்து. மாதா கோயிலில் நடக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்று சந்தியாகு தீர்த்துவிட்டார். வானதி ஒன்றும் சீமையில் இல்லை. தஞ்சாவூரில், மெடிக்கல் காலேஜ் பக்கம். திருவையாறு வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தால் ஒரு மணி நேரம். இந்த ஆடியில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பாட்டியானவள் பேரனைப் பார்த்தது என் போனில், கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடி.

"ஒரே ஒரு தடவை தூக்கிட்டா போதும்க்கா" என்றாள். அவள் ஆசை அவ்வளவுதான்.

எங்கள் பங்கில் இருபது வீடு சேர்ந்தால் ஓர் அன்பியம். வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். புதிதாக வந்த ததேயு ஃபாதர், திருமணத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால் பாதிப் பேர் தூங்குகிறோம் என்று கண்டுபிடித்துவிட்டார். அதனால் தானே சின்னச் சின்ன நாடகங்கள் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். நடிக்க வேண்டியதில்லை, உட்கார்ந்து வாசித்தால் போதும். ஒரே ஒரு சட்டம்: எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுத் தம்பதி மாற்றி வாசிக்க வேண்டும். மனைவியின் பேச்சைப் புருஷன் வாசிப்பார், புருஷனின் பேச்சை மனைவி. முடிந்ததும் யாரும் கேள்வி கேட்கலாம். அந்தப் பாத்திரமாகவே பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம் மீசைக்கார மரியசூசை, "என்னங்க, எனக்குத் தலை வலிக்குது" என்று குழைந்து வாசித்ததில் கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கப்புறம் ஒருவரும் தூங்கவில்லை.

சலேத் வீட்டு முறை வந்தது. சுண்டலும் டீயும் போட்டு வைத்திருந்தாள். அன்றைய நாடகத்தில் மனைவி தாய்வீட்டுக்குப் போக அனுமதி கேட்கிறாள், புருஷன் சந்தோஷமாக அனுப்பி வைக்கிறான். கிறிஸ்து திருச்சபைக்காகத் தன்னையே கொடுத்ததுபோலப் புருஷனும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது பாடம்.

சந்தியாகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பூசை வாசகத்துக்கு வரும் அதே கணீர்க் குரலில் வாசித்தார்.

"என்னங்க, அம்மாவைப் பாத்து நாளாச்சு. ஒரு எட்டு போயிட்டு வரட்டுமா?"

இதற்கு, "இதுக்கெல்லாமா கேப்பாங்க, போயிட்டு வா" என்று சலேத் வாசிக்க வேண்டும். என் கையிலும் ஒரு தாள் இருந்தது. அவள் தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எங்கேயும் போக வேணாம். நான் கேட்டப் பூட்டிட்டுப் போறேன். காலம் கெட்டுக் கெடக்கு, திருட்டு பயம். உனக்கு இங்க என்ன குறை?"

அச்சு அசலாக அவர் குரல். சந்தியாகு நிமிர்ந்து பார்த்தார். தாளில் அப்படி இல்லை என்று சொன்னால், பிறகு அது எங்கே இருக்கிறது என்று கேள்வி வரும். மனுஷன் அடுத்த வரியையே வாசித்தார்.

"ரொம்ப நன்றிங்க. உங்கள மாதிரி புருஷன் யாருக்குக் கெடைக்கும்?"

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. கேள்வி நேரம் வந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சந்தியாகுவைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏம்மா, வீட்டுக்காரர் பூட்டிட்டுப் போயிடுறாரே, உள்ள இருக்க உனக்கு எப்படி இருக்கு?"

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "பழகிடுச்சுங்க" என்றார், மெதுவாக. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஃபாதர் சலேத் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. மனைவிய ஏன் பூட்டி வைக்கிறீங்க?"

"தொறந்து விட்டா போயிடுவா ஃபாதர். போனா திரும்பி வர மாட்டா."

முதலில் மரியசூசை கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். என்னமா வாசிச்சாங்க, திருக்குடும்பப் பெருவிழாவுக்கு இவங்களையே மேடையேத்தலாம் என்று பேச்சு. அந்தப் பூட்டு தெருவில் எல்லோருக்கும் தெரியும். கைதட்டாவிட்டால் வேறு ஏதாவது செய்ய வேண்டியிருக்கும், அதனால் தட்டினார்கள். ஃபாதர் மட்டும் தட்டவில்லை. சந்தியாகுவைப் பார்த்து, "வீட்டுல ரெண்டு பேரும் யோசிங்க" என்று சொல்லிவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜெபம் வாயில் நுழையவில்லை.

மறுநாள் காலையும் பூட்டு விழுந்தது. ஆனால் சந்தியாகு நேரே வயலுக்குப் போகாமல் என் வாசலுக்கு வந்து சாவியை நீட்டினார்.

"ஃபாதர் சொன்னத யோசிச்சுப் பாத்தேன், ரெஜினா. நான் இல்லாதப்ப அவ கடைக்கோ கோயிலுக்கோ போகணும்னா நீங்க தொறந்து விடுங்க."

பெரிய தியாகம் செய்த களை முகத்தில்.

"அவகிட்டயே குடுக்கலாமே" என்றேன்.

"அவளுக்கு எதுக்குங்க? அதான் பக்கத்துல நீங்க இருக்கீங்களே."

அவர் வண்டி வாய்க்கால் மதகைத் தாண்டியதும் ஓடிப்போய்த் திறந்தேன். சலேத் கஞ்சி போட்ட சேலையில் தயாராக நின்றாள், கையில் மஞ்சப்பை.

"கடைக்குப் போறேன்க்கா."

"எந்தக் கடைக்குன்னு நான் கேக்கல, போ."

பகலெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இனி அவள் வர வேண்டாம், அங்கேயே இருந்துவிடட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். சந்தியாகு வந்து கேட்டால் என்ன சொல்வது என்று பயமும் இருந்தது. நாலு மணி பஸ்ஸில் இறங்கி விறுவிறுவென்று நடந்து வந்தாள். சேலையின் தோள்பட்டை நனைந்திருந்தது, குழந்தை எச்சில்.

"தூக்கினியா?"

"தூக்கினேன். எறக்கி விடத்தான் மனசு வரல."

"அங்கயே இருந்திருக்கக் கூடாதாடி?"

"வானதியும் அதத்தான் சொல்லி அழுதா. நான் திரும்பி வந்தாத்தானே சாவி உங்ககிட்ட இருக்கும்? இன்னிக்கு இருந்துட்டா அதோட சரி. அப்புறம் அங்கயே வந்து நிப்பாரு, அவங்க ரெண்டு பேரையும் நிம்மதியா விட மாட்டாரு." கேட்டுக்குள் போய்த் திரும்பி நின்றாள். "பூட்டிடுங்கக்கா. அவர் வர்ற நேரமாச்சு."

நான் அசையவில்லை. "சீக்கிரம்க்கா" என்றாள், கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து.

இத்தனை நாள் எந்தச் சத்தத்துக்காக அந்த மனுஷனைக் கரித்துக் கொட்டினேனோ, அதே சத்தம் அன்றைக்கு என் கையிலிருந்து வந்தது.