சரிவைக் கட்டிப்போட்ட புல்

ஓடுகிற பஸ்ஸில் இருபத்தோரு வருடம் நின்றே டிக்கெட் கொடுத்த கண்டக்டர் ‘விசில்’ அக்காவின் வலது முட்டி ஒருநாள் மக்கர் பண்ணியது. இனி பஸ்ஸில் நிற்கவே கூடாதென்று டாக்டர் எழுதிக்கொடுக்க, டிப்போவிலேயே தோட்ட வேலைக்கு மாற்றினார்கள். தோட்டம் என்று பெயர்தான். பணிமனைக்குப் பின்னால் இருந்தது மொட்டை மண்சரிவு.

“டிக்கெட் கிழிச்ச கை, இப்ப களை புடுங்குதாக்கும்!” என்று பழைய சகாக்கள் வாரினார்கள். சிரித்து மழுப்பினாலும் அக்காவின் மனசு சுருங்கிப்போனது.

மழை பெய்தால் போதும், சரிவு கரைந்து வந்து, மெக்கானிக்குகள் பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழியைச் சேறாக்கிவிடும். மேனேஜர் இரண்டு முறை வெளிநாட்டுப் புல்தரையைப் பாய் போல விரித்துப் பார்த்தார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு அது வெயிலில் கருகியது.

அக்காவுக்குப் பழைய வழித்தடத்தின் கல்குவாரி நிறுத்தம் நினைவுக்கு வந்தது. அங்கே செங்குத்தான மண்மேடு. எந்த மழைக்கும் சரிந்து அவள் பார்த்ததில்லை. அதன்மேல் ஊதாக் கதிர்களோடு இடுப்புயரப் புல், யாரும் நடாமலே அடர்ந்து நின்றது. போய் ஒரு தூரைத் தோண்டினாள். இரண்டு முழம் தோண்டியும் வேர் முடியவில்லை.

“அடி கள்ளி, மேல இருக்கறதைவிடக் கீழதான் அதிகமா?”

ஞாயிறுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்களைச் சாக்கில் கட்டி பஸ்ஸிலேயே கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக நட்டாள். தையல்காரரான கணவர் மிஷினை மூடிவிட்டு வந்து குழி வெட்டினார். “முட்டிய வீட்லயே கழட்டி வெச்சிட்டு வந்தியா?” என்று முணுமுணுத்தபடியேதான்.

புல் கதிர்விட்டதும் மேனேஜர் முகம் சுளித்தார்.

“என்னம்மா இது, காடு மாதிரி? ஆய்வுக்கு ஆளுங்க வராங்க. வெட்டிடுங்க.”

“ஒரே ஒரு மழை பொறுங்க சார். மண்ணு இறங்குச்சுன்னா நானே புடுங்கிப் போட்டுடறேன்.”

மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் காலை, ஃபோர்மேன் சேறு அள்ள மண்வெட்டியோடு மெக்கானிக் குழியில் இறங்கினார். உள்ளேயிருந்து ஒரே கூச்சல்.

“அக்கா! ஓடியா! ஒரு பிடி சேறு இல்ல!”

அக்கா சரிவில் ஏறிப் பார்த்தாள். ஒவ்வொரு புல் வரிசையிலும் தண்ணீர் முட்டி, வேகம் குறைந்து, மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கரைந்து வந்த மண் தூர்களில் சிக்கிப் படி படியாக நின்றது. கீழே ஒரு டிரைவர் ஹாரன் அடித்தார். அடுத்தவரும் அடித்தார். டிப்போ முழுக்க அலறியது. அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

ஆய்வுக்கு வந்த அம்மையார் நேரே சரிவுக்குத்தான் போனார். தினைக்குருவிகள் கதிரில் தொங்கி விதை கொறித்தன.

“இலையெல்லாம் கடிபட்டிருக்கே, மருந்து அடிக்கலையா?”

“பட்டாம்பூச்சிப் புழுங்கம்மா. தின்னுட்டுப் போகட்டும், புல்லு திரும்பத் துளிர்த்துக்கும்.”

அம்மையார் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர், தானே நட்டது போலத் தலையாட்டினார்.

அடுத்த மாதம் நான்கு டிப்போக்கள் அக்காவைக் கேட்டன. ஆபீஸ் ஜீப்பின் பின்பக்கம் சாக்குச் சாக்காகப் புல் தூர்கள். முன்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து அவள் அதட்டினாள்:

“தம்பி, பள்ளத்துல பார்த்து இறக்கு. பின்னால என் பயணிங்க இருக்காங்க!”