தண்ணீர் குடிக்க வந்தவர்கள்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் ஸ்தோத்திரம். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எந்த ‘ர’ எங்கே வரும் என்பது எனக்கு இன்றைக்கும் குழப்பம். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர் திருத்திக்கொள்கிறேன் என்று சொன்னதால்தான் மறைந்த என் அக்காவைப் பற்றி இதை எழுதத் துணிந்தேன். அதையும் மீறிப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா நாசரேத்தில் பிறந்தார்கள். அவர்கள் ஆசிரியப் பயிற்சியில் இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மா ஓலைப்பெட்டி முடைந்தார்கள், நான் சைக்கிள் கடையில் வேலைக்குப் போனேன். அக்கா படிப்பை முடித்துத் தூத்துக்குடியில் பெண்கள் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்ததும் எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு சைக்கிள் கடையும் வைத்துக் கொடுத்தார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், “பொண்ணு பாக்க வந்தவங்கல்லாம் பலகாரம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க” என்று சிரிப்பார்கள்.

பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாய்மார், வாசலில் நின்று அக்காவிடம் மனசில் உள்ளதைச் சொல்லுவார்கள். அது வளர்ந்துகொண்டே போனது. இப்படிக் கேட்டு ஆறுதல் சொல்வதை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு கோடை விடுமுறையில் மதுரைக்குப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். ஆற்றுப்படுத்துதல் என்று அதற்குப் பெயராம். எங்கள் தெருவில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. வீட்டின் முன் அறையில் இரண்டு நாற்காலி போட்டு, புதன், சனி மாலைகளில் கதவைத் திறந்து வைத்தார்கள். ‘டீச்சர் ரூம்’ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

சபையில் ஒரு பெரியவர், “பேசுததுக்கு ஒரு ரூமா டீச்சர்? எங்க வீட்டுல பேச்ச நிறுத்தத்தான் ரூம் வேணும்” என்றார்.

“அதுக்கும் வாங்க அண்ணாச்சி, கதவு தொறந்துதான் இருக்கு” என்றார்கள் அக்கா.

முதலில் வாரத்துக்கு ஒருவர் வந்தாலே அதிகம். பிறகு உப்பளத்துப் பெண்கள் வந்தார்கள். புதுத் துறைமுக வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து தனியாகக் கிடந்த ஆண்கள் வந்தார்கள். கடற்கரைத் தெருக்களிலிருந்தும் வந்தார்கள். அக்கா ஒருவரால் முடியவில்லை. ஆள் சேர்க்க வேண்டும், அவர்களைப் பழக்க வேண்டும் என்பதே அவர்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது. “நான் இல்லாட்டியும் இந்த ரூமு நடக்கணும்லே தம்பி” என்று என்னிடம் அடிக்கடி சொல்லுவார்கள். நான் தலையை ஆட்டுவேன். “இவன் வாயிலருந்து ஒரு வார்த்த எடுக்க முத்துக்குளிக்கிற ஆளத்தான் விடணும்” என்று கேலி செய்வார்கள்.

அப்படிப் பழக வந்தவர்களில் ஒருவர் மாப்பிள்ளையூரணி எஸ்தர். மாதக்கணக்கில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டார். ஒரு சனிக்கிழமை அக்காவுக்குக் காய்ச்சல். எஸ்தர் முதல்முறையாகத் தனியாக உட்கார்ந்தார்.

கடற்கரையிலிருந்து ஒரு பெண் வந்தார். அவருடைய கணவர் போன வள்ளம் திரும்பவில்லை. மருமகள் வந்த ராசிதான் மகனைக் கடல் கொண்டுபோனது என்று மாமியார் தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அதைச் சொல்லி அழத்தான் வந்திருக்கிறார். எஸ்தருக்கு இது ஒன்றும் தெரியாது. மரியாதையாக முதல் கேள்வி கேட்டார்: “வாங்கக்கா, நீங்க யாரு வீட்டு மருமவ?”

நம் பக்கத்தில் அதைக் கேட்காவிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் யார் வீடு என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டைப் பற்றி அப்புறம் எதைச் சொல்ல முடியும்? அந்தப் பெண் எழுந்துவிட்டார். “ஒண்ணுமில்ல தாயி, தண்ணி குடிக்கத்தான் வந்தேன்” என்று சொல்லி, வாசலில் இருந்த பானையில் மொண்டு குடித்துவிட்டுப் போய்விட்டார்.

எஸ்தர் உள்ளே போய் அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். “எனக்கு இது வராது டீச்சர். நான் தையல் சொல்லிக் குடுக்கப் போறேன்.”

அக்கா அவரை அழுது முடிக்க விட்டார்கள். பிறகு, “ஏளா, நீ மரியாதைக்குத்தான கேட்ட? இங்கன பொறந்தவ வாயில அதுதான் மொதல்ல வரும். எனக்கு மட்டும் வராதுன்னா நெனச்ச? நாக்கக் கடிச்சுக் கடிச்சே பாதி நாக்கு போச்சு” என்றார்கள். எஸ்தர் அழுகையோடு சிரித்துவிட்டார்.

“அவ வீட்டத் தேடிப் போவட்டுமா டீச்சர்?”

“போவாத. போனா ஊருக்கே தெரிஞ்சிரும். அவளே நல்ல வழி சொல்லிட்டுப் போயிருக்கா. பானையத் தூக்கி உள்ள வைய்யி.”

அன்றிலிருந்து பானை அறைக்குள் போனது. வருகிறவர்களிடம் பெயரோ ஊரோ கேட்பதில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பெண் சில வாரம் கழித்து வந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இன்னொரு நாளும் வந்தார். அதற்கடுத்த முறை எஸ்தர் நீட்டிய செம்பை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டும்வரை பேசினார். இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “எழுதுங்க அண்ணாச்சி, பேரு மட்டும் வேண்டாம்” என்றார்.

அதற்குப் பிறகு கடற்கரையில் ‘தண்ணி குடிச்சிட்டு வாரேன்’ என்றாலே டீச்சர் ரூமுக்குப் போகிறார்கள் என்று அர்த்தமாகிவிட்டது. மதுவிலக்கு நேரம் அது. என் கடைக்கு வருகிறவர்கள், “அண்ணாச்சி, ஒங்க அக்கா வீட்டுல தண்ணி கிடைக்குதாமே, எனக்கும் ஒரு செம்பு” என்று கேலி செய்வார்கள். அக்காவிடம் சொன்னால், “வரச் சொல்லு, குடிக்கிறவனுக்கும் பேச ஆளு வேணும்லா” என்பார்கள். சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு, புதிதாகப் பழகுகிறவர்களை உட்காரவைத்து, அவர்கள் மனப்பாரத்தை அக்கா கேட்பார்கள். கேட்கிறவளுக்கும் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

கடைசி ஆண்டில் நெஞ்சில் நீர் கோத்து, படுக்கையில் விழுந்தார்கள். மூச்சு முட்டும்போதும், “இன்னைக்கு ரூமுல யாரு இருக்கா?” என்று கேட்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள். மறுநாள் நாசரேத்தில் அடக்கம் செய்தோம்.

அடக்க ஆராதனைக்கு எஸ்தர் வரவில்லை என்பது நம் உறவினர் பலருக்கு வருத்தம். “கூடவே இருந்த பிள்ள, பெட்டிய மூடும்போது ஒரு எட்டு வரக்கூடாதா?” என்று என் காதுபடவே பேசினார்கள். அங்கே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் நான் தூத்துக்குடி திரும்பியபோது முன் அறையில் விளக்கு எரிந்தது. எஸ்தர் நாற்காலியில் இருந்தார். முகம் வீங்கியிருந்தது.

“இன்னைக்குப் பொதன்கிழமைலா அண்ணாச்சி. டீச்சர் இறந்தது எல்லாருக்கும் தெரியாது. தைரியத்த வரவழைச்சிட்டு வாரவங்க பூட்டப் பாத்துட்டுப் போனா, திரும்ப வரமாட்டாங்க” என்றார்.

“யாரும் வந்தாவளா?” என்று கேட்டேன்.

எஸ்தர் பதில் சொல்லவில்லை. அக்காவிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அக்காவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்கும், வாடகை வீட்டில் இத்தனை பேர் வந்துபோவதைப் பொறுத்துக்கொண்ட வீட்டுக்காரருக்கும், சபைப் போதகர் ஐயரவர்களுக்கும், அடக்கத்துக்கு வந்து எங்களைத் தாங்கிய உங்கள் அனைவருக்கும் நன்றி. அன்றைக்கு வராத எஸ்தருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தூத்துக்குடி,
18 நவம்பர் 1979, ஞாயிற்றுக்கிழமை.