ரெக்டிஃபையருக்குக் கட்டிய பட்டு

பிரெஞ்சுக்காரர் போன பிறகு, புதுச்சேரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேட்டரி அறை வேலை எனக்கு. கண்ணாடித் தொட்டிகளில் ஆசிட் பார்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, உப்புப் பூத்த முனைகளைத் துடைப்பது. வேட்டியெல்லாம் ஓட்டை. ஆனாலும் அது என் அறை.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற முன்பு ஒரு மோட்டார் செட் ஓடியது. தரை அதிரும். குடிக்கிற கரண்டில் பாதி சூடாகவே போகும். அதைக் கழற்றிவிட்டு மதராஸிலிருந்து ரெக்டிஃபையர் கொண்டு வந்து வைத்தார்கள். இரும்பு அலமாரி மாதிரி இருக்கும். உள்ளே அடுக்கியிருக்கும் தகடுகள், மெயின் கரண்டை பேட்டரிக்கு ஏற்ற கரண்டாக மாற்றும். செலவு குறைவு. சத்தமில்லை, ஒரு முனகல்தான். எனக்குப் பிடித்திருந்தது.

பொருத்திய ஆள் மேலும் கீழும் இருந்த துளைகளைக் காட்டி, “இத மட்டும் அடைச்சிராதீங்க, தகடு வெந்துடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் மேஸ்திரியும் கேட்டுத் தலையாட்டினார்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், ஏணி எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுத்தாயிற்று. ரெக்டிஃபையரை நிறுத்த முடியாது. ஊர் டெலிபோனில் பேசிக்கொண்டே இருக்கும். அதனால் ஓடும்போதே அலங்காரம். மேஸ்திரி துளைகள்மேல் சந்தனம் அப்பினார். வீட்டுப் பட்டுத் துணியை அம்மனுக்குக் கட்டுவதுபோல் அடிவரை சுற்றினார். மேலே சாமந்தி மாலை.

“வேணாம் மேஸ்திரி. காத்து போவாது.”

“மெஷினுக்கு மூச்சு முட்டுதாம்டா! இவன் ஒக்காந்து விசிறி வீசட்டும்.”

கூட நின்ற ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

“பொரிய துன்னுட்டு வீட்டுக்குப் போடா. இன்னிக்கு நான் பாத்துக்கறேன்.”

போனேன். மறுநாள் காலை கதவைத் திறந்தால் அழுகிய முள்ளங்கி நாற்றம். பட்டு கருகிக் கிடந்தது. தகடுகளெல்லாம் வெந்து அந்த நாற்றத்தைக் கக்கிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் பேட்டரி வடிந்தது. ஊரில் ஒரு டெலிபோனும் பேசவில்லை.

மேஸ்திரி என்னைச் சுவரோரம் இழுத்தார்.

“நீ கட்டுனேன்னு சொல்லிடு. ரெண்டாங் கிளாஸ் படிச்சவன், தெரியாம பண்ணிட்டான்னு உட்டுடுவாங்க. எனக்குன்னா வேல போயிடும்.”

தெரியாமலா? தெரிந்துதானே வேண்டாம் என்றேன். அவர்தானே சிரித்தார். என் படிப்பில்லாமையை எடுத்து அவர் போர்த்திக்கொள்வாராம்.

அதிகாரி வந்தார். “யாருய்யா இந்தத் துணியக் கட்டினது?”

“மேஸ்திரி சார். நான் வேணாம்னு சொன்னேன்.”

அதிகாரி மற்றவர்களைப் பார்த்தார். பொரி தின்ற ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும், “இவனுக்குப் புது மெஷினே புடிக்காது சார்” என்றான். அவன் என்னோடு ஒரே இலையில் சாப்பிட்டவன்.

பழி என்மேல் விழுந்தது. அறை போயிற்று. கோரிமேட்டுப் பக்கம் கம்பம் நடக் குழி தோண்ட அனுப்பினார்கள். மேஸ்திரி அங்கேயே இருந்தார்.

மனைவி என் கைக் கொப்புளத்தைப் பார்த்தாள்.

“ஆமான்னு சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்? திட்டுதான?”

“நான் கட்டல.”

“கட்டலதான். இப்ப யாரு குழி தோண்டறது?”

மறுநாளும் கடப்பாரையோடு போனேன். அந்த மேடெல்லாம் கல். உடையாத இடத்தில் மேஸ்திரி முகத்தை நினைத்துக்கொள்வேன். உடையும்.