அண்ணியின் ஆடிஷன்

அண்ணியின் பெட்டியில் ஒரு கிளிசரின் பாட்டில் இருந்தது. அவள் வந்திறங்கிய மறுநாளே அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "பெட்டியத் தொறந்தியா?" என்று நான் கேட்டதற்கு, "அதுவா தொறந்து கெடந்துச்சு" என்றாள். நம்பும்படியான பதில் இல்லைதான். ஆனால் எங்கள் வீட்டில் இருந்த சந்தேகம் அத்தனையையும் அண்ணிக்கென்று ஒதுக்கிவிட்டதால், அம்மாவுக்குக் கொடுக்க மிச்சம் இல்லை. பாட்டிலை முந்தானையில் சுற்றி, பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருக்கும் என் தையல் கடைக்கே கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தாள். "நடிக்கறவங்க அழறதுக்கு இதத்தான கண்ணுல போட்டுக்குவாங்க? நம்ம வூட்டுக்கு வந்து இவ எதுக்குடி அழணும்?" என்றாள். சாயங்காலம் நான் சுற்றி வளைத்து அண்ணியிடமே கேட்டேன். குதிகால் வெடிப்புக்கு என்று காலைத் தூக்கிக் காட்டினாள். மரக்காணத்தில் உப்பளத்தில் இறங்கியவர்களுக்கெல்லாம் குதிகால் வெடித்துத்தான் இருக்கும், அம்மாவுக்கு நடந்தால் ரத்தமே வரும். வந்து ஒரு நாள் ஆன இவளுக்கு ஏது வெடிப்பு? அப்போது நான் கேட்கவில்லை. மனதில் போட்டு வைத்துக்கொண்டேன்.

அண்ணி இந்தியிலும் மராத்தியிலும் டிவி தொடர்களில் நடிப்பவள். நாசிக் பக்கம் சொந்த ஊர். முதலில் ஒரு மராத்தித் தொடரில் நாயகிக்குத் தங்கையாக டீத் தட்டு தூக்கிக்கொண்டு வந்து போயிருக்கிறாள். தட்டை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவள் ஒரு பார்வை பார்ப்பாளாம், அதற்காகவே வசனம் எழுதிக் கொடுத்தார்கள் என்று அண்ணன் சொல்வான். அப்புறம் இந்திக்குப் போனாள். மராத்தி வாடை அடிக்கிற இந்தி என்று அங்கே கேலி செய்தார்கள். நல்லவளாக நடிக்க அந்த இந்தி உதவாது, கெட்டவளுக்குப் பரவாயில்லை என்று யாரோ முடிவு செய்ய, பெரிய வீட்டின் மூத்த மருமகளாக, கூடப் பிறந்தவர்களைப் பிரித்து பாயசத்தில் விஷம் கலக்கிறவளாக வருடக்கணக்கில் நடித்தாள். அந்தத் தொடரைத் தமிழில் பேச வைத்து மத்தியானத்தில் போட்டார்கள். எங்கள் தெருவே உட்கார்ந்து பார்த்து அவளைச் சபித்தது. அம்மா மண்ணை வாரித் தூற்றாத குறை. அந்தத் தொடரில் லைட்மேனாக வேலை பார்த்த அண்ணன், கல்யாணம் செய்துகொண்டேன் என்று போட்டோ அனுப்பியபோது அம்மா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இவளா" என்றாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

வந்து நின்றவளின் பேச்சுதான் எங்களை இன்னும் குழப்பியது. அண்ணன் சொல்லிக்கொடுத்த நாலு வார்த்தையைத் தவிர அவளுக்குத் தமிழ் தெரியாது. மாமியார் வீட்டுக்குப் போகிறோமே என்று, தன்னுடைய தொடரையே தமிழில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் அவள் பேசியதெல்லாம் கெட்டவளின் வசனம். "அத்தை, தாங்கள் என்னை மன்னிக்கத்தான் வேண்டும்" என்று உதட்டில் ஒரு சிரிப்போடு சொல்வாள். உப்பு டப்பா எங்கே என்பதுதான் கேள்வி. "இந்த வீட்டில் இனி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பாள். பாத்திரம் தேய்க்கப் போகிறாள் என்று அர்த்தம். அம்மா கதிகலங்கிப் போவாள். குரலும் வேறு. டிவியில் கனத்த குரல், நேரில் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் மெல்லிய குரல். "இவ அவதானா, இல்ல வேற யாரையாவது கூட்டினு வந்துட்டானாடி?" என்று அம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். டப்பிங் என்றால் என்ன என்று விளக்கினேன். "குரல்கூட சொந்தம் இல்லையா அவளுக்கு" என்று அதையும் ஒரு குற்றமாகச் சேர்த்துக்கொண்டாள்.

அவர்கள் ஊருக்கு வந்தது விருந்துக்கு இல்லை. அண்ணன் லைட் கட்டும்போது மேலேயிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. மும்பையில் அவர்கள் வீடு நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. அண்ணிக்கும் அந்தச் சமயத்தில் தொடர் முடிந்திருந்தது. கெட்டவளாக நடித்து ஓய்ந்த பெண்ணுக்கு அடுத்து அம்மா வேஷம்தானாம். தன் வயதுப் பையனுக்கு அம்மாவாக நடிக்கக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் இரண்டு பேரும் பெட்டியோடு வந்துவிட்டார்கள். அண்ணன் கட்டிலிலிருந்து கக்கூஸுக்குப் போகவே வாக்கரைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் ஆகும். எங்களுக்கு இருந்தது ஒரே கேள்விதான். நடக்க முடியாதவனோடு, உப்புக் காற்று அடிக்கும் இந்த ஊரில், இவள் எத்தனை நாள் இருப்பாள்? "ஒரு நாளு பஸ் ஏறிடுவா பாரு. எம் புள்ள அத்தத் தாங்க மாட்டான்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கும் அந்தப் பயம்தான். அண்ணன் அவளைப் பார்க்கும் பார்வை அப்படி. விழுந்த வலியைத் தாங்கியவன் இதைத் தாங்க மாட்டான் என்று எனக்கே தெரிந்தது.

சந்தேகத்துக்கு அவளும் தீனி போட்டுக்கொண்டே இருந்தாள். உப்பளத்து வரப்பில் தனியாகப் போய் நின்று போன் பேசுவாள். மராத்தியில் பேச்சு, நடு நடுவே சிரிப்பு. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்து சொல்வார்கள். வீட்டில் சிக்னல் எடுக்கவில்லை என்பாள். எங்கள் போனில் எடுக்கிறதே? பிறகு மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். உள்ளே இந்தியில் அவள் கத்துவாள், அழுவாள். அண்ணன் குரல் முனகலாகக் கேட்கும். கதவைத் திறந்துகொண்டு வரும்போது அவள் முகம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். "தேநீர் அருந்துகிறீர்களா அத்தை?" என்று கேட்பாள்.

அம்மா தன் தம்பிக்குப் போன் போட்டாள். மாமா பெரிய முதலியார்சாவடியில் டீக்கடை வைத்திருக்கிறார், சின்ன வயதில் தாராவியில் இருந்தவர், இந்தி பேசுவார். மறுநாள் மத்தியானம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னலடியில் குந்திக்கொண்டார். நானும் அம்மாவும் பின்னால். உள்ளே அண்ணி ஆரம்பித்தாள். மாமா எங்களுக்கு வாய்க்குள்ளேயே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். "'உன்னக் கட்டி இன்னாத்தக் கண்டேன்'ன்றா... 'எந்திரிச்சு ஒரு டம்ளர் தண்ணி எடுக்க முடியுதா உன்னால'ன்றா... 'உன்கூட இருந்து என் ஆயுசே வீணாப் போச்சு, நான் போறேன்'ன்றா. அக்கா, போறாளாம்க்கா. இவன் இன்னாடான்னா ஒண்ணும் பேசாம கெடக்கறான்."

அம்மா எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். பழைய தாழ்ப்பாள், கையோடு வந்துவிட்டது. உள்ளே, உப்புக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் துணி கிளிப்பில் போனை நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுவதற்காக எதிரே, செத்துப்போன அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணி அதன் நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். கட்டிலில் அண்ணன் கையில் காகிதத்தோடு, "ஏம்மா, நல்லா வந்த டேக்கு போயிடுச்சே" என்றான். ஒரு தொடரில் நாயகியின் அக்கா வேஷமாம். வீட்டை விட்டுப் போகும் காட்சியை நடித்து வீடியோ அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். புருஷன் வசனத்தைக் காமிராவுக்கு இந்தப் பக்கமிருந்து இவன் படித்துக் கொடுக்கிறானாம். "வரப்புல நின்னு பேசறதும் இதுக்குத்தான்" என்றான். "சொன்னா நீங்க எங்க நம்பப் போறீங்கன்னுதான் சொல்லல."

நாங்கள் நம்பவில்லைதான். அம்மா காகிதத்தைப் பிடுங்கி மாமாவிடம் கொடுத்தாள். மாமா அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "பேசுவேன்க்கா, படிக்கத் தெரியாது" என்றார். "அப்ப இவன் சொல்றதுதான் அதுல எழுதியிருக்குதுன்னு எப்புடிடா தெரியும்?" என்று அம்மா கேட்டாள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சத்தியத்தை யாராலும் மறைக்க முடியாது அத்தை" என்றாள். பாவம், அதுவும் அந்தக் கெட்டவள் பேசியதுதான்.

வேஷம் அவளுக்கே கிடைத்தது. புரட்டாசி மாதம் மும்பைக்குப் போனாள். பஸ் ஏறும் வரைக்கும் அண்ணன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு, நான் சொன்னேன்ல என்று அர்த்தம். இரண்டு முறை வந்து போனாள். வரும்போதெல்லாம் அம்மாவின் குதிகாலுக்குக் கிளிசரின் தேய்த்துவிடுவாள், அம்மாவும் காலை நீட்டிக்கொண்டு, அப்போதும் அவளை நம்பாமல் உட்கார்ந்திருப்பாள். இந்தப் பொங்கலுக்கு ஷூட்டிங் என்று வரவில்லை. தினமும் போன் வரும், முன்னைப்போல் நீளமாக இல்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தத் தொடரைத் தமிழில் போட ஆரம்பித்ததும் நான் ஒரு நாள்கூட விடவில்லை. கதைக்காக இல்லை. அந்தக் காட்சி வருகிறதா என்று பார்க்கத்தான். வராவிட்டால் அன்றைக்கு உள்ளே நடந்தது நிஜச் சண்டை என்று ஆகிவிடும். கடையைப் பூட்டிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவேன். போன வாரம் வந்தது. அண்ணி, யாருடைய குரலிலோ, "உன்னை மணந்து நான் என்ன கண்டேன்" என்று ஆரம்பித்தாள். அம்மா என் தொடையில் கை வைத்தாள். தண்ணீர் டம்ளர் வந்தது. ஆயுள் வீணானது வந்தது. மாமா சொன்னது அட்சரம் பிசகாமல் இருந்தது. அம்மா, "அப்ப நெசமாவே படிச்சுக்கினுதான் இருந்திருக்காங்க" என்றாள். பாரம் இறக்கி வைத்தவள்போல அவள் உட்கார்ந்ததைப் பார்க்க எனக்கும் நிம்மதியாக இருந்தது. டிவியில் அண்ணி பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். அப்போது அந்தப் புருஷன், "போகாதே, நீ இல்லாமல் என்னால் முடியாது" என்றான். அவ்வளவுதான். அவள் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஜன்னலடியில் உட்கார்ந்து நாங்கள் இதைக் கேட்கவே இல்லையே என்று எனக்குத் தோன்றியது. புதுச் சந்தேகம். "இந்த வரியும் அந்தப் பேப்பர்ல இருந்துச்சாண்ணா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு."

"நீ படிக்கலையே?"

அவன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எத்தினி டேக் எடுத்தோம், அத்த மட்டும் நான் படிக்கல. படிச்சிருந்தா அவ போயிருக்க மாட்டா" என்றான்.